இரத்தினசிங்கம் சொன்ன விலை

கதவைத் திறந்த அம்மாள் தமிழில் பேசுவார் என்று இரத்தினசிங்கம் எதிர்பார்க்கவில்லை.

முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்த வீடு கண்ணில் பட்டதும் காரை நிறுத்தித் தட்டியிருந்தார். அந்த 1976இல் சனிக்கிழமைகளில் அவருக்கு அதுதான் வேலை. மெல்பேர்னின் மேற்குத் தெருக்களில் கவனிப்பாரற்ற வீடுகளைத் தேடிப் பிடிப்பார். வீட்டுச் சொந்தக்காரரிடம் விலை பேசி ஒப்பந்தம் எழுதுவார். அதை ஒரு கட்டடக்காரரிடம் கைமாற்றி, நடுவில் நிற்கும் விலை வித்தியாசத்தை எடுத்துக்கொள்வார்.

அம்மாளின் பெயர் செல்வராணி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து கணவரோடு வந்தவர். கணவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். வீட்டை விற்றுவிட்டு ஈப்போவிலிருக்கும் தங்கையிடமே போய்விடலாம் என்றிருக்கிறாராம்.

மூன்றாவது முறையும் தேநீர் வந்தது. வெளியே வெயில் இறங்கியும் இரத்தினசிங்கம் விலைப்பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் செல்வராணிதான் கேட்டார்.

இரத்தினசிங்கம் மனக்கணக்குப் போட்டார். திருத்திய வீடு முப்பதாயிரம் டாலருக்குப் போகும். கூரை, குசினி, பெயின்ட் என்று செலவைக் கழித்தார். கட்டடக்காரரின் லாபம், தன் பங்கு. எல்லாம் போக இருபதாயிரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

“பத்தாயிரம்தான் தரலாம், அக்கா.”

செல்வராணி தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“சரி தம்பி. நம்மாளு நீங்க, ஏமாத்த மாட்டீங்க. எங்க கையெழுத்துப் போடணும்?”

இப்படியொரு பேரம் இரத்தினசிங்கத்துக்கு அமைந்ததேயில்லை. ஆனால் பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

செல்வராணி முடியாது என்பார் என்று நினைத்துத்தான் அந்த விலையைச் சொல்லியிருந்தார். அடுத்த சனிக்கிழமை வந்து கொஞ்சம் ஏற்றலாம். அப்போதும் முடியாது என்பார். இப்படியே இழுத்தடித்தால், கோடை வரைக்குமாவது வாரத்தில் ஒருநாள் போய்த் தமிழ் பேச ஒரு வீடு இருக்கும்.

“பிழையாக் கணக்குப் பாத்திட்டன், அக்கா,” என்றார்.

இருபதாயிரத்தோடு தன் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே கையெழுத்தானது.

பயண நாளில் அவர்தான் விமான நிலையத்துக்குக் காரில் கூட்டிப்போனார். நேர்வழி இருக்க, ஊரைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்.

செல்வராணி ஏன் என்று கேட்கவில்லை. பேசிக்கொண்டே வந்தார்.