மாமாவின் ஆண்ட்ராய்டு

"வேலியே பயிரை மேயுது மாப்ளே! அந்த ஐஃபோனை இப்படி மேஜை மேல வையுங்க."

புருஷோத்தமன் போட்ட சத்தத்தில் விசைத்தறிச் சத்தமே அடங்கிப்போனது. பவன்குமார் போனை வைத்தான். சூளூர்பேட்டையிலிருந்து நகரிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். மாமனாரின் சேலை வியாபாரத்தில் கூடமாட இருப்பவன்.

"நான் என்ன மாமா செஞ்சேன்?"

"என்ன செஞ்சீங்களா? திருப்பதி கடைக்காரர் முகூர்த்தச் சேலைக்கு ஆப்ல ஆர்டர் போட்டாரு. நான் இந்தக் கையால என் போன்ல ஓகே பண்ணேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, 'ஏன் சார் வேணாம்னுட்டீங்க'ன்றாரு! எத்தினி தபா இதே கதை? நீங்க எடுக்குற ஆர்டர் வந்துடுது. நான் எடுக்குறது மட்டும் போயிடுது. ஆப் இருக்குறது நம்ம ரெண்டு பேர் போன்லதான். என் போனை நான் யாரையும் தொட உடுறதில்ல. அப்போ வேணாம்னு அழுத்துன கை யாருது?"

"சத்தியமா நான் இல்ல மாமா."

"புத்தூர்ல உங்க சித்தப்பாவும் தறி போட்டுக்கினு கீறாரு. இங்க வேணாம்னா ஆர்டர் அங்கதானே போவும்? இது தொங்க வேலை, சுத்தத் திருட்டு வேலை!"

பவனுக்கு முகம் செத்துப்போனது.

சந்தேகம் புருஷோத்தமனுக்குக் காப்பி மாதிரி. வேளைக்கு இல்லாவிட்டால் தலைவலி வந்துவிடும். பால்காரன், மின்சார மீட்டர் பார்க்க வருபவன், கூடப் பிறந்த தம்பி என்று ஒருத்தரும் அவரிடம் தப்பியதில்லை. இப்போது மாப்பிள்ளையின் முறை.

"ஆப் செஞ்ச பையன் இப்ப வந்துக்கினு இருக்கான். உங்க குட்டு வெளிய வந்துச்சுன்னா, ஹரிதாவைக் கூட்டிக்கினு சூளூர்பேட்டைக்கே போயிடுங்க. அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, ரெண்டு பேரும்!"

உள்ளறையில் ஹரிதா விசும்பும் சத்தம் கேட்டது.

"பொண்ணு அழுவுதுங்க. கொஞ்சம் பொறுமையா பேசுங்க," என்றாள் தரையில் உட்கார்ந்து நூல்கண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த பத்மினி.

புருஷோத்தமன் சேலை என்றால் நிறத்துக்காகவே கேட்டு வாங்குகிற கடைகள் உண்டு. ஆனால் தறிக்கு நூல் எடுத்துக் கொடுப்பது கல்யாணமான நாளிலிருந்து பத்மினிதான். பொம்பளை கைபட்டு எடுத்தால்தான் ராசி என்று சொல்லிக் கணவரைக் கிட்டவே விடமாட்டாள். ஊரையே சந்தேகப்படும் மனுஷர் அதை மட்டும் சந்தேகப்பட்டதில்லை.

திருப்பதியிலிருந்து தமிழ்வேந்தன் மடிக்கணினியோடு வந்து சேர்ந்தான்.

"மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு தம்பி," என்று பிடித்துக்கொண்டார் புருஷோத்தமன். "மாப்ள போன்ல ஆப்பைத் திறந்தா கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது. என்னுதுல பாத்தா பஸ் ஸ்டாண்டு மாதிரி கீது. ஆளைப் பாத்து வேலை செய்றீங்களா?"

தமிழ்வேந்தன் நெளிந்தான். "ஐஃபோனுக்கு செஞ்சது வேற டீம் சார். ஆண்ட்ராய்டுக்கு வேற டீம். ஐஃபோன் டீம் 'ஏற்கிறேன்', 'வேண்டாம்'னு எழுத்து வெச்சாங்க. ஆண்ட்ராய்டு டீம் ஸ்டைலா இருக்கும்னு வெறும் வட்டம் ரெண்டு வெச்சுட்டாங்க."

"ஸ்டைலாம் ஸ்டைலு! தட்டுல ரெண்டு இட்லி வெச்சா மாதிரி."

"சரி சார், கடைக்காரர் மாதிரி நான் ஒரு ஆர்டர் அனுப்புறேன். நீங்க எப்பவும் போல ஓகே பண்ணுங்க. மாப்ள சார் போன் மேஜையிலயே இருக்கட்டும்."

போன் மணியடித்தது. புருஷோத்தமன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வலது வட்டத்தை அழுத்தினார். மடிக்கணினியில் எழுத்து வந்தது: 'ஆர்டர் மறுக்கப்பட்டது.'

ஐஃபோனை யாரும் தொடவில்லை.

"ஏன் சார் வலது பக்கம் அழுத்துனீங்க?"

"மாப்ள அவர் போன்ல வலது பக்கந்தானே அழுத்துறாரு? பக்கத்துல குந்திக்கினு பார்த்துத்தானே கத்துக்கினேன்!"

"ஐஃபோன்ல ஓகே வலது பக்கம் சார். உங்க போன்ல இடது பக்கம்."

புருஷோத்தமனுக்கு வியர்த்துவிட்டது. அத்தனை ஆர்டரையும் வேண்டாமென்று தள்ளியது அவர் விரலேதான். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவருக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

"எல்லாம் உங்க கோளாறு! ரெண்டு வட்டத்தையும் ஒரே மாதிரி வெச்சுட்டா, எது எதுன்னு மனுசன் எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"ஒரே மாதிரியா? என்ன சார் சொல்றீங்க? அதுல ஒண்ணு..."

"தம்பி, இரு!"

பத்மினி நூல்கண்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கணவர் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தாள். எட்டிப் பார்த்த பவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"அவர் சொல்றது நெசந்தான் தம்பி. எனக்கும் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. எழுத்து போட்டுக் குடுத்துடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போவும்," என்றாள்.

"பாத்தியா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் புருஷோத்தமன். பிறகு மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். "மனசுல வெச்சிக்காதீங்க மாப்ளே. ஹரிதாவைக் கண்ணைத் தொடைக்கச் சொல்லுங்க."

"ஆமாங்கம்மா, தப்பு எங்களுதுதான்," என்றான் தமிழ்வேந்தன், பத்மினி கையிலிருந்த போனைப் பார்த்தபடியே.

அதில் இடது வட்டம் வெற்றிலைப் பச்சையாக இருந்தது. வலது வட்டம் குங்குமச் சிவப்பாக.