பூட்டைத் திறந்துடவா?

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

இந்தோனேசியாவின் சோலோ நகரில் பாத்திக் துணி விற்கும் வுர்யானிக்கு, அவள் கடையின் இணையப் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவன் அவளை 'இபூ', அதாவது அம்மா, என்று மரியாதையாக அழைத்தான்.

"உங்க கடைப் பேரை வேற கம்பெனிக்கு மாத்தச் சொல்லி ஒரு கோரிக்கை வந்திருக்கு இபூ. கேட்டது நீங்கதானே? பேர் கைமாறாம இருக்கப் போட்டிருக்கற பூட்டைத் திறந்துடவா?"

அவள் கேட்கவே இல்லை. ஆனால் யாரிடமும் முகத்திலடித்தாற்போல் 'இல்லை' என்று சொல்லி அறியாதவள். "ஆமாங்க, ஆமாங்க!" என்றாள்.

பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! கடையவே தூக்கித் திருடன் கையில குடுத்துட்டியேம்மா!"

போனில் சிரிப்புச் சத்தம். "புரிஞ்சுது இபூ, இன்னொரு பூட்டும் போட்டுடறேன். நானும் சோலோக்காரன்தான். நம்ம ஊர்ல ரெண்டு தடவை ஆமாம்னா இல்லைன்னு அர்த்தம், அதுகூடத் தெரியாதா எனக்கு?"

மகள் துள்ளிக் குதித்தாள்.

இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று நான் கேட்டதற்கு வுர்யானி சொன்னாள்: "ஆமாங்க, ஆமாங்க."