நாய் நேரம்

பாண்டி பஜார் கடிகாரக் கடையில் அன்று மூன்று பேர்: முதலாளி வைரவன், பழுது பார்க்கும் சிந்து, மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஸ்ரீரங்கன். அவர் கொண்டுவந்து மேஜை மேல் வைத்த கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு மிருகங்கள்.

ஜப்பானில் செய்தது. அவர்களுடைய பழைய கணக்குப்படி டயலில் எண்களே கிடையாது. பகலுக்கு ஆறு மிருகம், இரவுக்கு ஆறு மிருகம், சுற்றிவர ஒரே முள். இரவு நீளும் மாதங்களில் இரவு மிருகங்களின் நேரமும் நீளும்.

"இந்த நாயை மட்டும் அழிச்சுடணும்" என்றார் ஸ்ரீரங்கன்.

சிந்து லென்ஸை வைத்துப் பார்த்தாள். கறுப்பு டயலில் பொன்வண்ண நாய், காதை நிமிர்த்தி எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. கையால் வரைந்தது. ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டாள். "எவ்வளவு ஆகும்?" என்றார் பெரியவர்.

வைரவன் அவள் பக்கம் குனிந்தார். "நாய் கையில பட்டா தீட்டு போல. மணி பார்க்கிறப்பல்லாம் குளிக்கணும்ல."

சிந்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் நாய் உண்டு.

"எலி இருக்கு, பன்னி இருக்கு. அதெல்லாம் சுத்தம், நாய் மட்டும் ஆகாதா சார்? அழிச்சா திரும்ப வராது. நான் பண்ண மாட்டேன்."

வேறு கடை பார்க்கச் சொன்னாள். ஸ்ரீரங்கன் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். ஆனால் போகவில்லை.

"ஆத்துக்காரியோடதும்மா. பிள்ளை டோக்கியோவிலேர்ந்து அனுப்பினான். சாயங்காலம் ஏழு மணி வாக்கில முள் நாய்க்கு வரும். வந்தா போன் பண்ணுவான். ஒருநாள் தவறினதில்லை."

"இப்ப?"

"ஆடியில போயிட்டான். அவளுக்கு எதுவும் நினைவுல தங்கறதில்லை. முள் நாய்க்கு வந்ததும் போனை மடியில வெச்சுண்டு உக்காந்துடறா. அவன் இல்லைன்னு தினம் நான் புதுசா சொல்றேன். தினம் புதுசா அழறா. கடிகாரத்தைக் கழட்டி வெச்சா, பிள்ளை குடுத்தது எங்கேன்னு வீடு பூரா தேடறா. இப்ப மார்கழி வேற. நாய் நேரம் நீண்டுண்டே போறது."

வைரவன் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாய் இல்லைன்னா, அந்த நேரம் இன்னும் வரலைன்னு இருந்துடுவா."

சிந்து விளக்கை அருகில் இழுத்தாள். நாயின் காதிலிருந்து ஆரம்பித்தாள்.

பெரியவர் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கியபோது, டயலில் மிச்சம் பதினொன்று.