கேனுக்குள் தெரிந்த கிழங்கு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான், கேட்டுவிட்டுப் போங்கள்.

தள்ளுவண்டியில் காய்கறி விற்ற குப்புராஜின் மனைவி அம்சவேணி படுக்கையில் விழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "நம்ம வீட்டுல விளைஞ்ச உருளைக்கிழங்கு ஒரு வாய் தின்னணும்யா." அவர் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஓட்டைத் தண்ணீர் கேன் ஒன்றின் தலையை அறுத்து, மண் நிரப்பி, முளைவிட்ட கிழங்கைப் புதைத்து, அவள் கட்டிலருகே ஜன்னலில் வைத்தார். சாக்கில் நட்டிருக்கலாம். கிழங்கு பருப்பதை அவள் படுத்தபடியே பார்க்கட்டும் என்றுதான் கேன். நாளாக நாளாக அவளுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. கேனின் சுவரோரம் மட்டும் நாலு கிழங்குகள் திரண்டன.

ஒரு காலையில், "பாருய்யா, எம்புட்டுப் பச்சையா, இளசா இருக்கு!" என்று சிரித்தாள். குப்புராஜ் கிட்டே போய்ப் பார்த்தார். வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்த கிழங்கு விஷம். வண்டியில் கண்டால் பொறுக்கி எறிகிறவர் அவர். இங்கே தினமும் வெளிச்சத்தில் வைத்தவரும் அவரேதான்.

"எப்பய்யா அவிப்ப?"

"ரெண்டு நாள் போகட்டும்டி."

"ரெண்டு நாள் நான் இருப்பேன்னு உனக்கு யாரு சொன்னா? கடைக் கிழங்கை மாத்திக் கொண்டாந்துடாதே. நாலோட மொகமும் எனக்குத் தெரியும்."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவர் கேனிலிருந்து எடுத்த கிழங்கின் தோலைச் சீவினார், பச்சை. இன்னும் ஆழமாகச் சீவினார், உள்ளேயும் பச்சை.

"உப்புப் போட்டியா?" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

"போட்டுட்டேன்" என்றார். கிழங்கு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் ஆசைப்பட்டுக் கேட்கும் வாய்க்கு, கேட்டது கேட்டபடி கிடைக்கட்டும், கண்ணுகளா.