சுவிட்சர்லாந்துக்கு ஒத்திகை

"ஒன்றரை வயசுப் புள்ளைய முதுகுல கட்டிக்கினு மலை ஏறப் போறீங்களா மாப்ள? அதுவும் சுவிச்சர்லாந்துல?" என்று கேட்டார் சுப்புராயன்.

"அங்க எல்லாரும் அப்படித்தான் மாமா. கைக்குழந்தையவே தூக்கிட்டுப் போறாங்க. அதுக்குன்னே பை இருக்கு" என்றான் இளஞ்செழியன்.

குவைத்தில் இன்ஜினியர். லீவுக்கு மனைவி ராதிகாவோடும் இரண்டு குழந்தைகளோடும் வடக்கனந்தலில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தான்.

பை கூடத்தில் கம்பீரமாக நின்றது. ஜெர்மனியில் செய்தது. அலுமினியச் சட்டம், அகலப் பட்டைகள், குழந்தை காலைத் தொங்கவிட ஓட்டைகள். அதைத் தொடும் உரிமை அவன் ஒருத்தனுக்குத்தான்.

"தனுஷாவுக்கும் மூணு வயசுதான ஆவுது. அவ எப்பிடி நடப்பா?"

"எதையும் பிளான் பண்ணிச் செஞ்சா முடியும் மாமா."

பிளான்படி பயிற்சி ஏரிக்கரையில் தொடங்கியது. தினமும் காலையில் சின்னவனை முதுகில் ஏற்றிக்கொண்டு அவன் நடக்க, பல் விளக்க வந்தவர்கள் வேப்பங்குச்சியை வாயிலேயே மறந்து நின்றார்கள். ஆம்பிளை ஒருத்தன் பிள்ளையைச் சுமப்பதே அங்கே அதிசயம். இதில் முதுகில் வேறு.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆள் மட்டும் நின்று கேட்டார். "இன்னா சார் இது?"

இளஞ்செழியனுக்கு அதுபோதும். ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல், சுவிட்சர்லாந்தின் உயரத்தையும் குளிரையும், அடுத்த கோடையில் தான் அங்கே ஏறப்போவதையும் பாதி இங்கிலீஷில் விளக்கினான். மாடுகள் போய்விட்டன. அந்த ஆள் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "நல்லபடியா போய்ட்டு வாங்க சார்" என்று மாடுகளைத் தேடிக்கொண்டு ஓடினார்.

அடுத்தது கல்வராயன் மலையில் முழு ஒத்திகை.

"நாளைக்கு வேணாம் மாப்ள. இட ஒதுக்கீடு கேட்டு ரோடு மறியல் பண்றாங்க. மரத்தயெல்லாம் வெட்டிப் போடறாங்களாம்."

"தகுதி இருந்தா இடம் தானா கிடைக்கும் மாமா. சலுகை குடுத்துக் குடுத்துதான் ஜனங்க சோம்பேறி ஆயிட்டாங்க."

இளஞ்செழியனுக்குக் குவைத் வேலையை வாங்கித் தந்தது சுப்புராயனின் தம்பி. சுப்புராயன் எழுந்து வெற்றிலை போடப் போய்விட்டார்.

விடியற்காலையில் வாடகை ஜீப்பில் மலைக்குப் போனார்கள். முதல் ஏற்றத்திலேயே தனுஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராதிகா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மூச்சு வாங்க, "போதுங்க" என்றாள். "சுவிட்சர்லாந்துல போய் இப்படிச் சொல்லுவியா?" என்றான் அவன்.

உச்சி வெயிலில் சின்னவன் வாந்தி எடுத்தான். தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது. பிறகு அழுகையும் நின்று தலை துவண்டு சாய்ந்தது. அதற்கப்புறம் சுவிட்சர்லாந்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜீப் அடிவாரத்துக்கு வந்தபோது ரோட்டின் குறுக்கே ஒரு பனைமரம் கிடந்தது. அதன் பின்னால் பெருங்கூட்டம்.

இளஞ்செழியன் பையோடு குதித்து இறங்கினான். "வழி விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"காலையிலேர்ந்து எல்லா வண்டியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவுது" என்றான் ஒருவன். "நம்பி ரெண்டு வண்டிய வுட்டோம். நேரா கல்யாணப் பந்தியில போய் குந்திக்கினு சாப்புடறானுங்க."

கூட்டம் சிரித்தது.

"நான் யாருன்னு தெரியுமா?" என்றான் இளஞ்செழியன். தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையில்லை. ராதிகா ரோட்டிலேயே நின்று அழ ஆரம்பித்தாள்.

"காசிநாதண்ணே, நீயே வந்து இன்னான்னு கேளு" என்று யாரோ குரல் கொடுக்க, தலைப்பாகை கட்டிய ஒருவர் வந்தார். பையைப் பார்த்தார். குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"டேய், இது வேண்டுதல்டா. புள்ளைய முதுகுல சுமந்துக்கினு மலை சாமிய பாத்துட்டு வராங்க. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் வழியில எங்கயும் நிக்கக் கூடாது. மரத்தத் தூக்குங்கடா."

சிரிப்பு நின்றது. சிரித்தவர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டு பனைமரத்தைப் புரட்டினார்கள். ஒரு பெரியவர் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எந்த சாமிங்க?"

உண்மையைச் சொல்ல ராதிகா வாயைத் திறந்தாள். இளஞ்செழியன் அவள் காலை மிதித்தான். "மலை சாமிதான்" என்றான் பக்தியோடு.

கள்ளக்குறிச்சியில் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா கஷ்டம்" என்றார்.

பிழைத்து வந்த சின்னவனைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் கூடியபோது, இளஞ்செழியன் பழைய உற்சாகத்துக்கு வந்திருந்தான்.

"ஜெர்மன் பையைப் பார்த்து வேண்டுதல்னு கும்பிடறாங்க மாமா. சுத்தக் காட்டானுங்க. நானும் ஆமான்னு சொல்லி ஏமாத்திட்டு வந்துட்டேன். இவங்களுக்குத்தான் சலுகை குடுக்கணுமாம்."

கூடமே சிரித்தது. சுப்புராயன் மட்டும் வாசலைப் பார்த்தார்.

வாசலில் காசிநாதன் இளநீர்க் குலையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"புள்ள எப்பிடி கீது சார்?"

இளஞ்செழியன் அவசரமாக முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டான். "எல்லாம் அந்த மலை சாமி புண்ணியம்."

"நல்லதுங்க." காசிநாதன் குலையை இறக்கி வைத்தார். படி இறங்கப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஏரிக்கரையில என் மாடுங்க போனதுகூட தெரியாம கேட்டுக்கினு நின்னேனே, அந்த சுவிச்சர்லாந்து எப்ப சார் போறீங்க? வெயில் கம்மியா இருக்கற மாசமா பாத்துப் போங்க."