புரட்டாத பக்கம்

திண்டிவனத்தில் ஏறும்போதே பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டு வந்த பூமாலை, "கொஞ்சம் வச்சிருங்க டீச்சர்" என்று தன் வேதாகமத்தை உட்கார்ந்திருந்த பிரபாவதியின் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிரபாவதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

விழுப்புரத்தில் அன்று சபைப் பெண்கள் கூட்டம். பன்னிரண்டு வருஷமாகத் துவக்க ஜெபம் செய்தவள் பிரபாவதிதான். இந்த வருஷம் பாஸ்டரம்மா பூமாலையைச் செய்யச் சொல்லிவிட்டார். "ஜெபம்னா பூமாலை மாதிரி உருகிப் பண்ணணும்" என்று எல்லோருக்கும் முன்னால் வேறு சொன்னார்.

கொல்லைக்காட்டில் மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கப் போகிற கூலிக்காரி! வருஷத்துக்கு ஒரு தடவை வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்து, வசனங்களுக்கு நாலு கலரில் கோடு போடுகிற பிரபாவதி அதைக் கேட்ட ராத்திரி சாப்பிடவேயில்லை.

ஏற்கெனவே, ஈஸ்டருக்கு முந்தின வாரம் குருத்தோலை ஞாயிறன்று வேதபாடம் வாசிக்கவும் பூமாலையைத்தான் கூப்பிட்டார்கள். பொறுக்கமாட்டாமல் பிரபாவதி எழுந்து போய், "கொல்லையில கத்துற தொண்டை மைக்குக்கு ஆவாது" என்று புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சபையே சிரித்தது. அத்தோடு அடங்குவாள் என்று பார்த்தால், இப்போது துவக்க ஜெபம்!

பூமாலை ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம், பிரபாவதி வேதாகமத்தை மெல்லத் திறந்தாள். அடையாளத்துக்கு ஒரு பழைய பஸ் டிக்கெட். மலைப் பிரசங்கம். ஈஸ்டர் ஆராதனையில் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தபோதும் இதே பக்கம்தான். இது ஆகஸ்ட் மாசம்!

பிரபாவதிக்கு உள்ளுக்குள் இனித்தது. நாலு மாசமாக ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அழுது, ஊரை ஏமாற்றியிருக்கிறாள். இறங்கியதும் முதல் வேலை, பாஸ்டரம்மாவிடம் சொல்வது.

விக்கிரவாண்டியில் பக்கத்து சீட் காலியானது. பூமாலை உட்கார்ந்தாள்.

"தெனமும் வேதம் படிக்கிறியா பூமாலை?"

"விடியக்காலையில படிக்கிறேன் டீச்சர்."

"அப்புறம் ஏன் ஈஸ்டர்ல இருந்து ஒரே பக்கத்துல நிக்கிற? படிக்க வராதா? இல்ல, நாலு பேருக்குக் காட்டத்தான் தூக்கிக்கினு அலையிறியா?"

பூமாலை கோபப்படவில்லை.

"பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன் டீச்சர். நமக்குத் தப்பு பண்ணவங்கள மன்னிக்கச் சொல்லி அந்தப் பக்கத்துல இருக்கு. ஒருத்தர மட்டும் என்னால மன்னிக்க முடில. அத்த செய்யாம அடுத்த பக்கம் போனா கர்த்தரையே ஏமாத்துற மாதிரி இருந்துச்சு. அதான், அங்கியே நின்னு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்."

பிரபாவதிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கூடவே ஆவலும் எழுந்தது. குடித்துக் குடும்பத்தைக் கெடுத்துவிட்டு ஓடிப்போன புருஷனாகத்தான் இருக்கும். புருஷனையே மன்னிக்காதவளுக்குத் துவக்க ஜெபமா என்று பாஸ்டரம்மாவைக் கேட்டுவிடலாம்.

"இன்னும் முடியலியா?"

"இன்னிக்குக் காலையிலதான் டீச்சர் மனசு எறங்கிச்சு. நாளையிலிருந்து அடுத்த பக்கம்."

"உன் புருஷனத்தானே சொல்ற?"

"அவர மன்னிச்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

"அப்ப யாரு? சும்மா சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

பூமாலை சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பிரபாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"உங்களத்தான், டீச்சர்."