உயிரில்லாத மைக்

"பாடகிக்கு இந்தக் கறுப்பு மைக்கே போதும். அந்தத் தங்க வலை போட்ட மைக்கை எங்க மச்சானுக்கு வைங்க."

கிடாரும் கையுமாக நின்ற பேண்ட் தலைவர் சொன்னதைக் கேட்டு சவுண்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியில் இருந்ததிலேயே உசத்தியான மைக் அது. போயும் போயும் கோரஸ் பாடுகிறவருக்கா?

"அது மேடைக்கு ஒத்துவராது சார். பக்கத்துல அடிக்கிற ட்ரம்ஸ் சத்தமெல்லாம் அதுல வந்து விழும்."

"எப்படி விழும்? நீங்கதான் வயரை இணைக்கப் போறதில்லையே!"

தலைவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க மச்சான் தங்கமானவர். ஆனா பாட்டு ஒரு பக்கம், சுருதி ஒரு பக்கம். ஆறு வருஷம் முன்னாடி முதல் கச்சேரியில பட்டது போதும். அன்னையிலேர்ந்து அவர் மைக்குக்கு உயிரே கிடையாது. அவருக்குத் தெரியாது, பாவம். இன்னைக்கு முதல் தடவையா ரெக்கார்டிங் வேற. பாட்டும் கெடக் கூடாது, அவர் மனசும் நோகக் கூடாது."

அதற்குள் மச்சானே வந்துவிட்டார். மைக்கைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"எனக்கா மாப்பிள்ளை? டெஸ்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"உங்க குரலுக்கு டெஸ்ட் எதுக்கு மச்சான்!"

சவுண்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே வைத்துக்கொண்டு ஆறு வருஷமாக ஒரு மனுஷனுக்குக் காது குத்துகிறானே, இவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?

தலைவர் அந்தப் பக்கம் போனதும், யாருக்கும் தெரியாமல் வயரைச் செருகினார். ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகத்தான் பதிவாகும். அரங்கத்து ஸ்பீக்கரிலும் பாட்டிலும் அதைச் சேர்க்காமல் விட்டால் போயிற்று. அவர் குரல் மட்டுமாவது தனியாக அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்!

கச்சேரி களைகட்டியது. அரங்கமே எழுந்து ஆடியது. மச்சானைக் கேட்கவே வேண்டாம். கண்ணை மூடி, கையை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க வெளுத்து வாங்கினார்.

எல்லாம் முடிந்தது. மேடையில் ஒரே சிரிப்பும் கட்டிப்பிடிப்புமாக இருக்க, சவுண்டுக்காரர் பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மச்சானின் பதிவை மட்டும் ஓடவிட்டார்.

ட்ரம்ஸ் கேட்டது. கிடார் கேட்டது. குரலைக் காணோம்.

சத்தத்தைக் கூட்டினார். மாப்பிள்ளையின் கிடார் தனியாக முழங்கிய இடத்தில் மட்டும் ஒரு முணுமுணுப்பு.

"அடடா, பின்னிட்டீங்க மாப்பிள்ளை!"

அடுத்த பாட்டிலும் அதே கதைதான். பாட்டு இல்லை, பாராட்டு மட்டும்.

யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் மச்சான். கணினித் திரையில் தன் மைக்கின் பதிவு ஓடுவதைப் பார்த்து அவருக்கு வேர்த்துவிட்டது.

"ஐயையோ, இணைச்சுட்டீங்களா? வழக்கமா இணைக்க மாட்டாங்களே!"

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் கச்சேரியிலேயே என் லட்சணம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் வெறும் வாயசைப்புதான்."

"பின்னே எதுக்கு சார் மேடை ஏறுறீங்க?"

மச்சான் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் ஏறலைன்னா, விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மாப்பிள்ளை கூனிக்குறுகிப் போயிடுவாரே சார்!"